விரல் பொறுக்கும் சூடு

பிள்ளை மறுபடியும் கக்கிவிட்டது. பழனியாண்டியின் தோளிலிருந்து முதுகு வரைக்கும் பால் கட்டி கட்டியாக வழிந்தது. அவன் துடைக்கவில்லை. துடைக்க வேண்டுமானால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் பிள்ளை அழும், பிள்ளை அழுதால் அவனுக்கு மூளை ஓடாது. அதனால் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேயிருந்தான். லயத்து வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவில் நடக்க எவ்வளவு இடம் இருந்துவிடப் போகிறது? நடக்கிற நேரத்தைவிடத் திரும்புகிற நேரம்தான் அதிகம்.

பிள்ளைக்கு மனோரஞ்சிதம் என்று பெயர். பிறந்து ஆறேழு மாதம்தான் ஆகிறது, அத்தனை பெரிய பெயரைத் தாங்குகிற உடம்பு இப்போது அதனிடம் இல்லை. பெயர் வைத்தவள் அவன் பெண்டாட்டி சண்முகவடிவு. "கணக்கப்பிள்ளை பெரட்டுல நம்ம பேரையெல்லாம் பாதியா முறிச்சுக் கூப்பிடுறாரு. எம் மகளுக்காவது முறிக்க முடியாத பேரா இருக்கட்டும்" என்று பிடிவாதமாக வைத்தாள். மனோரஞ்சிதத்தை ரஞ்சி என்று முறித்துவிட கணக்கப்பிள்ளைக்கு ஒரு மூச்சு போதும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தச் சண்முகவடிவு இப்போது டவுன் ஆஸ்பத்திரியில் நெருப்புக் காய்ச்சலில் கிடந்தாள். அவள் போன கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு காலையில், ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்பும்போது கூடையை இறக்கி வைத்துவிட்டு, "உடம்பு கொதிக்கிற மாதிரி இருக்குங்க. தொட்டுப் பாருங்களேன்" என்றாள். அவன் உள்ளங்கையை அவள் நெற்றியில் வைத்துப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல. மழைக் குளிரு. மலைக்குப் போயி நாலு கொழுந்து கிள்ளுனா சரியாயிரும்" என்றான்.

அவள் போனாள். அடுத்தடுத்த நாளும் போனாள். கடைசியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலேயே விழுந்தாள், சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் திடீரென்று ஏறிவிட்டது என்று பழனியாண்டி கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினான்.

நம்பாமல் என்ன செய்வான்? அந்தக் கைக்குத் தோட்டத்தில் அப்படி ஒரு பேர். றொசல்ல ஸ்டேசனுக்கு மேலே இருக்கிற தோட்டம் அது. அங்கே தேயிலை ஆலையை ஸ்டோர் என்பார்கள். ஸ்டோரில் கொழுந்தைக் காயவைக்கிற டிரையரின் அடுப்பு பழனியாண்டி பொறுப்பு. இளந்தாரியாக விறகு தள்ள வந்தவன், இத்தனை வருசமும் அந்த இரும்புக் கதவுக்கு முன்னால்தான் நிற்கிறான். டிரையரில் சூடு பார்க்கிற மீட்டர் ஒன்று இருந்தது. அதன் முள் ஒரு நாள் மாட்டிக்கொண்டு, அடுப்பு அணைந்தாலும் அதே இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. டீமேக்கர் செல்லசாமி, "புது மீட்டர் என்னாத்துக்கு? நம்ம பழனியாண்டி கை இருக்கே" என்று சொல்லிவிட்டார். பழனியாண்டி தட்டுக்கு மேலே கையை நீட்டிப் பார்ப்பான், "இன்னும் ரெண்டு கட்டை போடு" என்பான். அவ்வளவுதான், அதற்கு மேல் பேச்சு கிடையாது. பீடி பற்றவைக்க அவன் தீப்பெட்டி தேடிப் பார்த்தவர் எவரும் இல்லை. அடுப்புக்குள்ளிருந்து ஒரு கங்கை விரலால் எடுத்து, உள்ளங்கையில் உருட்டிப் பற்றவைத்துவிட்டுத் திருப்பி உள்ளே போடுவான். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவனுக்கு உள்ளுக்குள் ஜிலுஜிலுவென்று இருக்கும்.

தாய்ப்பால் நின்றதிலிருந்து மனோரஞ்சிதத்துக்கு எந்தப் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. டின் பால் கொடுத்தால் வயிறு கழிந்தது. பசும்பாலைத் தண்ணீர் விட்டுக் கொடுத்தால் கட்டியாக வெளியே வந்தது. தோட்டத்து மருந்துக்காரர் சுந்தரலிங்கம் பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மனுசர், அதிகம் பேசமாட்டார், பேசினால் உறுத்தாமல் பேசுவார். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். அதற்குள் சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை வெளிறிய மஞ்சள் தூள்.

"இஞ்ச பாரும் பழனியாண்டி. பிள்ளையின்ர வயிறு களைச்சுப் போச்சு. பாலைச் செரிக்கிற சத்து இப்ப அதுக்கு இல்லை. இந்தத் தூள் அந்த வேலையை வெளியிலேயே செய்து குடுக்கும். பாதி செரிச்ச பாலைத்தான் பிள்ளை குடிக்கப் போகுது, விளங்குதோ?"

"வெளங்குதுங்க."

"பாலை அடுப்பில வையும். விரல் பொறுக்கிற சூடு வந்ததும் இறக்கி, ஒரு குழாய்த் தூளைப் போட்டு, சூடு போகாமல் மூடி வையும். கொஞ்ச நேரம் போக ஒரு கொதி காட்டி இறக்கி, நல்லா ஆறவிட்டுக் குடும். சூடு மிஞ்சினா தூள் செத்துப்போம். பால் ஆறிப்போனா தூள் தூங்கிப்போம். புளிப்புப் பட்டாலும் வேலை செய்யாது, அதால ஏனத்தைப் புளி போட்டு விளக்காதையும்."

"தூளு சாகுமாங்க?"

"சாகும். ஒரு உடம்புக்குள்ள இருந்து எடுத்த சரக்கு அது. உடம்புச் சூட்டிலதான் அதுக்குச் சீவன்."

"அப்ப கடைசில கொதிக்க வச்சா?"

"அப்ப சாகட்டும், வேலை முடிஞ்சுதே. விட்டா செரிச்சுச் செரிச்சுப் பால் கைச்சுப் போம். உம்மட ஸ்டோரில கொழுந்து சிவந்தபிறகு டிரையருக்குள்ள தள்ளுறீர் எல்லே. உள்ள போன பிறகு அது இன்னும் சிவக்குமோ?"

"சிவக்காதுங்க. அத்தோட நின்னுரும்."

"அதே கதைதான் இதுவும்."

பழனியாண்டிக்கு அப்போதே பாரம் இறங்கிவிட்டது. சூடு பார்க்க வேண்டும், பக்குவத்தில் இறக்க வேண்டும், பிறகு காட்ட வேண்டிய தீயைக் காட்ட வேண்டும். அட, நம்ம தொழில்தானே. வேறு எவனிடமாவது கொடுத்திருந்தால் கெடுத்திருப்பான். வாசலைத் தாண்டப் போனவன் சும்மா போகாமல் திரும்பிக் கேட்டான்.

"எந்த உடம்புல இருந்துங்க எடுத்தது?"

"பன்றி" என்றார் சுந்தரலிங்கம். "குடலுக்குப் பக்கத்தில கணையம் எண்டு ஒண்டு இருக்கு."

இதைக் கேட்டிருக்கவே வேண்டாம், கேட்டதை மனசுக்குள் பூட்டி வைத்திருந்தாலும் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் அவனுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த நேரம் அது. லயத்தில் பாதிப் பெண்கள் மஞ்சள் கயிறும் விரதமுமாக இருந்தார்கள். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு வராத பதிலுக்கு எல்லோரும் காத்துக்கிடந்த வருசம், ஆத்தாளிடம் கேட்க அவரவருக்கு ஆயிரம் இருந்தது. பக்கத்துக் காம்பரா காளியாயி இந்த வருசம் தீச்சட்டி எடுக்க நேர்ந்திருந்தாள். அவள் பிள்ளை மடுவத்து ஆயா. மலைக்குப் போகிற தாய்மார்கள் விட்டுப்போகிற பிள்ளைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சண்முகவடிவுக்குச் சின்னம்மா முறை. தீச்சட்டி நேர்ந்ததே சண்முகவடிவு எழுந்து வர வேண்டும் என்றுதான்.

"பன்னிக் கொடலா?" என்று காளியாயி வாசலிலேயே நின்றுவிட்டாள். "மாப்புள, புள்ளைய நான் பாத்துக்கிறேன், தூக்கி வச்சுக்கிறேன். அந்தப் பாலை மட்டும் தொடச் சொல்லாதீங்க. கையில காப்பு இருக்கு. இதுல எதாச்சும் பிசகுனா அங்க ஆஸ்பத்திரியில கெடக்கிறவளுக்குத்தான் வந்து விடியும்."

"யாரு தொடச் சொன்னா? நான் பாத்துக்கிறேன் அத்தை" என்றான் பழனியாண்டி. சொல்லும்போது கொஞ்சம் மிதப்பும் இருந்தது.

அந்த மிதப்பு முதல் வேளைப் பாலோடு போயிற்று. சாம்பல் போட்டு விளக்கிய சட்டியில் பாலை வைத்தான். விரலை விட்டுப் பார்த்தான், போதவில்லை. இன்னும் கொஞ்சம் காயவிட்டான். மறுபடி விட்டுப் பார்த்தான், இதமாக இருந்தது. சரி, பொறுக்கிற சூடு. இறக்கித் தூளைப் போட்டு மூடி, காத்திருந்து, ஒரு கொதி காட்டி, சட்டியைப் பீலிக் குழாய்த் தண்ணீரில் வைத்துச் சில்லென்று ஆறவிட்டுக் கரண்டியால் ஊட்டினான். பிள்ளை ஆசையாகக் குடித்தது. அவன் பெருமையாக நிமிர்வதற்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டது, அதே கட்டி.

மலைக் குளிர் சட்டியைச் சட்டென்று ஆற்றியிருக்கும், தூள் தூங்கிவிட்டது என்று அவன் முடிவு கட்டினான். அடுத்த வேளைக்குக் கொஞ்சம் கூட்டிக் காய்ச்சினான். அதற்கடுத்த வேளைக்கு அதைவிடக் கூட்டினான். விரல் பொறுத்துக்கொண்டுதான் இருந்தது. பிள்ளைதான் பொறுக்கவில்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், அழுகை கூடச் சத்தம் குறைந்து ஏதோ முனகலாக ஆகிவிட்டது. ஸ்டோரில் அவன் இல்லாமல் வேறொருவன் அடுப்புப் பார்த்தான், தேயிலை கருகுகிறது என்று டீமேக்கர் ஆள் மேல் ஆள் அனுப்பினார். பழனியாண்டி போகவில்லை. அந்த ஆட்கள் வந்து நின்றபோது அவர்களோடும் நடந்துகொண்டேதான் பேசினான்.

கடைசியில் மிஞ்சிய பாலை ஒரு போத்தலில் ஊற்றிக்கொண்டு, பிள்ளையைக் கம்பளிக்குள் சுருட்டி, சுந்தரலிங்கத்திடம் ஓடினான். அவர் போத்தல் பாலில் கொஞ்சம் கிண்ணத்தில் ஊற்றி, எலுமிச்சைப் புளி சில சொட்டு விட்டு ஆட்டினார். பால் திரண்டு கெட்டிக் கட்டியாகக் கிண்ணத்தின் அடியில் உட்கார்ந்தது.

"தூள் ஒண்டும் செய்யேல்லையே. செய்திருந்தா இப்பிடித் திரளாது. விரல் பொறுக்கிற சூட்டிலதானே போட்டனீர்?"

"சத்தியமாங்க. என் கையிலயே பாத்தேன்."

உன் கையிலா பார்த்தாய் என்று அவர் கேட்டிருக்கலாம். அவரும் அந்தக் கையின் பேரைக் கேள்விப்பட்டவர்தானே, கேட்கவில்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தார், எழுத்து மங்கியிருந்தது. "பழைய சரக்கு. செத்த தூள் போல. என்ர பிழை" என்றார்.

"செத்ததையா புள்ளைக்குக் குடுத்தீங்க?" பழனியாண்டியின் குரல் கிறீச்சிட்டது. அந்த மனுசரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நாளைக்குக் காலையில தேயிலைப் பெட்டி லொறி டவுனுக்குப் போகுது. பிள்ளையைக் கொண்டுபோம். இனி இஞ்ச வச்சிருக்கேலாது."

லயத்துப் பிள்ளைகளைக் கடைசி மூச்சு இழுக்கும்போதுதான் டவுனுக்குக் கொண்டுபோவது வழக்கம். அதனால் போனவற்றில் திரும்பி வந்ததைப் பழனியாண்டி அதிகம் பார்த்ததில்லை. போதாததற்கு அங்கே ஒரு வார்டில் சண்முகவடிவு. பிள்ளையை விட்டுப் போகும்போது அவள், "உங்க கையில குடுத்துட்டுப் போறேன்" என்றுதான் சொல்லியிருந்தாள். அதே கையால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வார்டில் போடுவதா?

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. பழனியாண்டியின் மடியில் இன்னும் ஒரு குழாய்த் தூள் இருந்தது. செத்த தூள் என்று சொல்லிவிட்டார்கள், எறிந்திருக்க வேண்டியதுதான். எறிய மனசு வரவில்லை. பிள்ளையை இடக்கையில் கிடத்திக்கொண்டு அடுப்பை மூட்டினான். இந்தத் தடவை நன்றாகக் காய்ச்சிப் பார்த்துவிடுவது, அதற்கும் சரிவரவில்லையென்றால் லொறி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான், ஊதுகுழலை எடுத்தான், வைத்தான், மறுபடி வாசலுக்குப் போனான்.

காளியாயி குளித்துவிட்டு ஈரத் தலையோடு வாசலில் வந்து நின்றாள். கோயிலுக்குக் கிளம்பியிருந்தாள் போலும், நெற்றியில் மஞ்சள் இருந்தது.

"லொறி வந்துருமே, புள்ளைக்குத் துணி மாத்தலையா?"

"இந்த ஒரு வேளை பாத்துட்டு."

அவன் குந்தி உட்கார்ந்து சட்டிக்குள் விரலை விட்டான். விட்ட விரலை எடுக்காமல், பாலைக் கலக்கிக்கொண்டே குழாயின் தக்கையைப் பல்லால் கடித்து இழுத்தான். காளியாயி அதைப் பார்த்தாள். சட்டியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. ஆவிக்குள்ளே இவன் விரல் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மாப்புள, அது சுடலையா?"

"இல்லையே. இதமாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் காயலாம்."

"ஆவி பறக்குதே."

"குளிருக்கு அப்புடித்தான் பறக்கும் அத்தை. விரலு பொறுக்குதுல்ல."

காளியாயி படியில் நின்றபடி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். மஞ்சள் கயிறு ஈரமாக ஒட்டிக்கிடந்தது. பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அழவில்லை, அழாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அதுதான் அவளை உலுக்கியிருக்க வேண்டும். அத்தனை பிள்ளைகளைப் பார்த்தவளுக்கு அந்தப் பார்வை என்னவென்று தெரியும்.

"தூளப் போடாதீங்க" என்றாள். உள்ளே வந்தாள். பன்றித் தூள் கரைந்து கரைந்து ஊறிய அந்தச் சட்டிக்குள் காப்புக் கட்டிய கையின் விரலை விட்டாள். விட்ட வேகத்தில் வெளியே இழுத்து, விரலை வாயில் வைத்துக்கொண்டு துடித்துப்போய்ச் சுவரில் சாய்ந்தாள். அந்த விரல் எந்தச் சட்டியில் போய் வந்தது என்பதுகூட அவளுக்கு அந்த நேரம் நினைவில்லை.

"இதுல கோழி உரிக்கலாம் மாப்புள" என்றாள், மூச்சு வாங்கியது. "இதையா இத்தன வேளையும் பொறுக்கிற சூடுன்னு சொன்னீங்க?"

பழனியாண்டிக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை. அவள் விரலைப் பார்த்தான், நுனி செக்கச் செவேலென்று சிவந்திருந்தது. தன் விரலைப் பார்த்தான், அது எப்போதும்போல் காய்ந்த மரப்பட்டையாகக் கறுத்துக்கிடந்தது. மறுபடி பாலுக்குள் விட்டான். இதமாகத்தான் இருந்தது.

தூள் சாகவில்லை. ஒவ்வொரு வேளையும் அவன்தான் கொன்றிருக்கிறான்.

"கொண்டாங்க இங்க" என்று காளியாயி சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினாள். ஆற்றினாள், விரலை விட்டாள், தலையை ஆட்டினாள். இன்னும் ஆற்றினாள். ஒரு தடவை விரல் உள்ளேயே நின்றது. "இப்பப் போடுங்க" என்றாள். பழனியாண்டி தூளைத் தட்டினான், அவசரத்தில் கொஞ்சம் தரையில் சிந்தியது. அவள் மூடியைப் போட்டு, சட்டியைக் கம்பளியால் சுற்றி, சம்மணமிட்டு உட்கார்ந்து மடியில் அணைத்து வைத்துக்கொண்டாள். பாதிக் கோயிலும் பாதி அடுப்புமாக இருந்தது அவள் கோலம்.

பிறகு அந்தக் காத்திருப்பு. பழனியாண்டி தன் ஆயுளில் எத்தனையோ தடவை கொழுந்து சிவப்பதற்குக் காத்திருக்கிறான், ஒரு நாளும் இப்படி வியர்த்ததில்லை. அவன் நடந்தான். காளியாயி அவ்வப்போது மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பாலின் நிறம் லேசாக மங்கி, ஒரு மாதிரி சாம்பல் பூத்து, வாசம் மாறியிருந்தது. இதற்கு முன் ஒரு தடவையும் அப்படி மாறியதில்லை. நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, "கைக்கிறதுக்குள்ள ஒரு கொதி காட்டுங்க" என்றாள். ஆமாம், நாக்கில்தான் வைத்தாள்.

கீழே ரோட்டில் லொறி ஹோன் அடித்தது. பால் அப்போதுதான் பீலித் தண்ணீரில் ஆறிக்கொண்டிருந்தது. சின்னத்தம்பி டிரைவர் அவசரக்காரன், மறுபடி அடித்தான். பழனியாண்டி வாசலுக்கு ஓடி, "கொஞ்சம் பொறு" என்று கத்திவிட்டு உள்ளே ஓடி வந்தான். காளியாயி கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை முதல் கரண்டிக்கு முகத்தைச் சுளித்தது, பிறகு விழுங்கியது, அதற்குப் பிறகு கரண்டியை விடவில்லை. ஊட்டி முடித்துத் தோளில் போட்டுத் தட்டினாள். ஒரு ஏப்பம் வந்தது. பழனியாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டான், ஏப்பத்துக்குப் பின்னால்தான் எப்போதும் எல்லாம் வரும்.

வரவில்லை. லொறி மூன்றாந்தரமும் ஹோன் அடித்தது. "என்னடா செய்யப் போற" என்று டிரைவர் கீழிருந்து சத்தம் போட்டான். பழனியாண்டி பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கொட்டாவி விட்டது. கண்ணை மூடியது. காளியாயியின் தோளிலேயே தூங்கிப்போனது, கடைவாயில் ஒரு துளிப் பால் மட்டும் கட்டியில்லாமல் தண்ணியாக வழிந்தது.

"போகச் சொல்லுங்க" என்றாள் காளியாயி.

லொறி போனது. பழனியாண்டி தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் தலையை வைத்துக்கொண்டு அழுதான். அழுது முடித்துத்தான் அவனுக்குக் கேட்கத் தோன்றியது.

"அத்தை, காப்பு?"

அவள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "பயமாத்தான் இருக்கு" என்றாள் பிறகு. "குளிச்சுட்டு ஆத்தா முன்னாடி நானே போயிச் சொல்லிக்கிறேன். புள்ளைக்குத்தான் தொட்டேன், அங்க இருக்கிறவ மேல கோவிச்சுக்காதன்னு. கேக்காம இருக்க அவ என்னா கல்லா."

சொல்லிவிட்டு அவளே ஒரு நிமிடம் யோசித்தாள். கோயிலில் இருந்தது கல்தான். இருந்தாலும் போனாள்.

சுந்தரலிங்கம் விசயத்தைக் கேட்டதும் பழனியாண்டியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கே லிந்துலைப் பக்கத்திலிருக்கும் இன்னொரு தோட்டத்து மருந்துச் சாலைக்கு ஆளனுப்பி வேறு ஒரு பெட்டி தருவித்தார். திருவிழா முடியும் வரைக்கும் ஒவ்வொரு வேளையும் காளியாயிதான் விரலை விட்டாள். ஒவ்வொரு தடவையும் குளித்தாள். தீச்சட்டியும் எடுத்தாள். மனோரஞ்சிதம் கன்னம் மறுபடி மேடு தட்டி, அழுகைக்குப் பழைய சத்தம் வந்தது.

பழனியாண்டி ஸ்டோருக்குத் திரும்பினான். எல்லாம் சரியாகிவிட்டது, இனி நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே. ஆனால் ஏதோ ஒன்று அவனைக் குடைந்துகொண்டே இருந்தது. அடுப்புக்கு முன்னால் நிற்கும்போதும் கால் நிலைகொள்ளவில்லை. ஒரு நாள் பீடி பற்றவைக்கக் கங்கை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். சிவப்பாகக் கனன்றுகொண்டு கிடந்த அதையே பார்த்தான். எதுவும் தெரியவில்லை, ஒரு கூழாங்கல்லை வைத்திருந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. இந்த உள்ளங்கையை வேறு எங்கே கடைசியாக வைத்துச் சூடு பார்த்தோம் என்று மனசு கேட்டது. அடுத்த நொடி கங்கு கீழே விழுந்தது.

"தொட்டுப் பாருங்களேன்" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. ஒண்ணும் இல்ல, மழைக் குளிரு என்று தான் சொன்னதும் விழுந்தது.

அன்று மாலை அவன் டீமேக்கரிடம் போய், "புது மீட்டரு வாங்கிருங்க ஐயா. என் கைய இனி நம்பாதீங்க" என்றான். செல்லசாமி விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்துச் சிரித்தார். பழனியாண்டி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை றொசல்லயில் ரயில் ஏறினான். ஹட்டனில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடக்கிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். சண்முகவடிவு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முடி கொட்டி, கழுத்தெலும்பு தெரிய, பாதியாகியிருந்தாள். ஆனால் உட்கார்ந்திருந்தாள்.

"புள்ள?" என்றாள்.

"குடிக்கிறா. கக்கல. சித்திதான் பாக்குறாங்க."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். அவன் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், பால் கதையை முழுதாகச் சொன்னான். கடைசியில், "அன்னைக்கு நீ தொட்டுப் பாக்கச் சொன்னியே வடிவு. எனக்குச் சூடு தெரியல. கை செத்துப் போச்சு. எத்தன வருசமாச்சோ, எனக்கே தெரியாது" என்றான்.

சண்முகவடிவு அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்" என்றாள். "புள்ளையக் குளிப்பாட்ட நீங்க தண்ணி வெளாவி வைப்பீங்கல்ல. நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் அரைவாளி பச்சத்தண்ணி ஊத்துவேன். உங்ககிட்டச் சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

பழனியாண்டி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "அப்ப தெரிஞ்சே ஏன் மலைக்குப் போன?"

"நீங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்களே" என்றாள்.

அதில் குத்தல் இல்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. வார்டு நிறைய ஆட்கள், பக்கத்துக் கட்டில்காரி, அவள் புருசன், வாசலில் நர்ஸ். தோட்டத்து ஆம்பளை எவனும் நாலு பேர் முன்னால் செய்யாத காரியத்தை அவன் செய்தான். குனிந்து, தன் கன்னத்தை அவள் நெற்றியில் வைத்தான்.

"சுடுதே" என்றான் பதறிப்போய். "இன்னும் சுடுதே வடிவு. நர்ஸம்மாவக் கூப்பிடவா?"

"இல்லீங்க. காய்ச்ச விட்டு ரொம்ப நாளாச்சு" என்றாள் அவள். "இது எல்லாருக்கும் இருக்கிற சூடு."

இந்தச் சூட்டில்தான் தூள் உயிரோடு இருக்கும் என்று சுந்தரலிங்கம் சொன்னது அவனுக்கு நினைவு வந்தது. பார்க்க வந்தவர்கள் போக வேண்டிய மணி அடித்தது. அவன் நிமிரவில்லை.